நெதர்லாந்தில் படிக்க விண்ணப்பிக்கிறீர்களா? முதலில் பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுங்கள்

எனக்குச் சேர்க்கைக் கடிதம் வந்தது மார்ச் மாதத்தில். வீட்டில் கேசரி கிண்டினார்கள். அப்பா தெருவில் நாலு பேரிடம் சொன்னார். நானும் வேலை முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அதற்குப் பிறகு ஆகஸ்ட் கடைசி வரை பட்ட பாட்டில் பாதி தேவையே இல்லாதது, முன்னாடியே யாராவது சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன். இடம் கிடைப்பதுதான் கஷ்டம் என்று ஒரு வருடம் அதற்காகவே உழைத்தேன். ஆனால் ஆளைச் சாய்த்தவை வேறு மூன்று: பாஸ்போர்ட்டில் இருந்த பெயர், பணம் போய்ச் சேர்ந்த நேரம், தங்க ஓர் அறை.

தமிழ்நாட்டில் இருந்து செப்டம்பர் சேர்க்கைக்குப் போகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். நான் போனது முதுகலைக்கு. இளங்கலைக்கு மாறும் இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறேன். தொகைகள் 2025ஆம் ஆண்டுக்கானவை. அரசுக் கட்டணங்கள் ஒவ்வொரு ஜனவரியிலும் மாறும், அதனால் கட்டுவதற்கு முன் ஒருமுறை அவர்கள் தளத்தில் பார்த்துவிடுங்கள்.

1. நாள்காட்டியைப் பின்னால் இருந்து எண்ணுங்கள்

கல்வி ஆண்டு செப்டம்பர் 1இல் தொடங்குகிறது. அதற்கான விண்ணப்பம் முந்தைய ஆண்டு அக்டோபரிலேயே திறந்துவிடும். கடைசித் தேதி படிப்புக்குப் படிப்பு மாறும். டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் முதுகலைக்கு ஜனவரி 15. வேறு பல இடங்களில் பிப்ரவரி 1, சில இடங்களில் ஏப்ரல் 1. இடங்களுக்கு உச்சவரம்பு வைத்திருக்கும் இளங்கலைப் படிப்புகளை நூமெரஸ் ஃபிக்ஸஸ் என்பார்கள். மருத்துவம், உளவியல் போன்றவற்றில் இது உண்டு. அவற்றுக்கு நாடு முழுவதும் ஜனவரி 15தான் கடைசி, தரவரிசை ஏப்ரல் 15 அன்று வரும்.

இங்கே முதல் பொறி. ஒரே பக்கத்தில் இரண்டு தேதிகள் இருக்கும். மே 1 என்று பெரிதாகப் போட்டிருந்தால் அது பெரும்பாலும் ஐரோப்பிய ஒன்றியத்துக்காரர்களுக்கு. நமக்கான தேதி அதற்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும். என்னோடு ஆங்கிலத் தேர்வு எழுதிய ஒரு தோழி இப்படித்தான் ஓர் ஆண்டைத் தொலைத்தாள்.

கடைசித் தேதி ஏப்ரல் 1 என்றாலும் அதை நம்பி உட்காராதீர்கள். பரிசீலனைக்கு ஆறு முதல் எட்டு வாரம் போகும். கடிதம் கைக்கு வரும்போது மே கடைசி ஆகியிருக்கும், ஜூனில் பணம் கட்டச் சொல்வார்கள், அறைகள் அதற்குள் தீர்ந்திருக்கும். உதவித்தொகை வேண்டுமென்றால் கதை இன்னும் முன்னால் தொடங்குகிறது. பெரும்பாலானவற்றுக்குப் பிப்ரவரி 1 வாக்கிலேயே விண்ணப்பம் முழுமையாக உள்ளே போயிருக்க வேண்டும். என்னைக் கேட்டால் ஜூலையில் பாஸ்போர்ட்டும் பிறப்புச் சான்றிதழும், செப்டம்பரில் ஆங்கிலத் தேர்வு, நவம்பர் கடைசிக்குள் விண்ணப்பம். தீபாவளி விடுமுறைக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடுகிறவர்கள்தான் மார்ச்சில் அழுகிறார்கள்.

2. எந்த வகைக் கல்வி நிலையம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

அங்கே இரண்டு வகை உண்டு. ஒன்று ஆய்வுப் பல்கலைக்கழகம். லைடன், உட்ரெக்ட், டெல்ஃப்ட், வாகெனிங்கன் எல்லாம் இந்த வகை. மற்றது தொழில் சார்ந்து கற்பிக்கும் ஹோஹஸ்கூல், ஆங்கிலத்தில் இவையும் பல்கலைக்கழகம் என்றே தங்களைச் சொல்லிக்கொள்ளும். ஃபாண்டிஸ், சாக்ஸியன், ஹான்ஸே இந்த வகை. முன்னதில் இளங்கலை மூன்று ஆண்டு, பின்னதில் நான்கு. ஒன்று உயர்வு, மற்றது மட்டம் என்றெல்லாம் இல்லை. ஆனால் ஹோஹஸ்கூலில் இளங்கலை முடித்துவிட்டு ஆய்வுப் பல்கலைக்கழகத்தில் முதுகலைக்குப் போக நினைத்தால் இடையில் ஓர் இணைப்புப் படிப்பு வைப்பார்கள். சென்னையில் இருக்கும் ஏஜென்ட்கள் இதைச் சொல்வதில்லை. அவர்களுக்குக் கமிஷன் தரும் இடங்களின் பட்டியலைத்தான் நீட்டுவார்கள். ஏஜென்ட் இல்லாமலே எல்லாவற்றையும் செய்யலாம். நான் 40,000 ரூபாய் கொடுத்துவிட்டுக் கடைசியில் நானே செய்தேன்.

முதுகலையில் பொறியியலும் அறிவியலும் பெரும்பாலும் இரண்டு ஆண்டு, 120 கிரெடிட். சமூக அறிவியல், சட்டம், மேலாண்மை போன்றவை பல இடங்களில் ஒரே ஆண்டு, 60 கிரெடிட். ஒரு கிரெடிட் என்றால் 28 மணி நேர உழைப்பு என்று கணக்கு. ஆண்டுக் கட்டணத்தை மட்டும் ஒப்பிட்டு எது மலிவு என்று முடிவு செய்யாதீர்கள். மொத்தம் எத்தனை ஆண்டு என்று பார்த்துப் பெருக்குங்கள்.

இன்னொன்று. நமக்கு வீசா வாங்கித் தரும் தகுதி, சர்வதேச மாணவர்களுக்கான நடத்தை நெறியில் கையெழுத்திட்ட கல்வி நிலையங்களுக்கு மட்டுமே உண்டு. அந்தப் பதிவேட்டை டூயோ என்ற அரசு நிறுவனம் பராமரிக்கிறது. பெயர் தெரியாத தனியார் கல்லூரி ஏதாவது மனதில் இருந்தால் முதலில் அங்கே தேடுங்கள்.

3. உங்கள் பட்டத்தை அங்கே எப்படி எடை போடுவார்கள்

வெளிநாட்டுச் சான்றிதழ்கள் டச்சு அளவில் எதற்குச் சமம் என்று நுஃபிக் என்ற அமைப்பு விளக்கம் வெளியிடுகிறது. பல்கலைக்கழகங்கள் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்கின்றன. மூன்று ஆண்டு பி.எஸ்சி., பி.காம்., பி.ஏ. முடித்தவர்களுக்கு இது முக்கியம். ஆய்வுப் பல்கலைக்கழக இளங்கலைக்கு அது முழுச் சமம் இல்லை என்று பல இடங்களில் சொல்லிவிடுவார்கள். நான்கு ஆண்டு பி.இ., பி.டெக். படித்தவர்களுக்குச் சிக்கல் குறைவு. மூன்று ஆண்டுப் பட்டத்தோடு எம்.எஸ்சி. முடித்திருந்தால் அதையும் சேர்த்துக் காட்டுங்கள்.

பிளஸ் டூ முடித்து நேராக ஆய்வுப் பல்கலைக்கழகத்தில் இளங்கலைக்குப் போகிறவர்களும் கவனிக்க வேண்டும். பிளஸ் டூ மட்டும் போதாது, இங்கே ஓர் ஆண்டு கல்லூரியும் வேண்டும் என்று சில படிப்புகள் கேட்கும். பொதுவான பக்கத்தைப் படித்துவிட்டு முடிவுக்கு வராமல், உங்கள் படிப்பின் பக்கத்தில் இந்தியா என்று தேர்ந்தெடுத்து என்ன வருகிறது என்று பாருங்கள். புரியவில்லை என்றால் சேர்க்கைப் பிரிவுக்கு நான்கு வரியில் மின்னஞ்சல் போடுங்கள். பதில் தெளிவாக வரும், சில சமயம் கசப்பாகவும் வரும். டச்சுக்காரர்கள் இல்லை என்பதை இல்லை என்றே சொல்வார்கள். அது கோபம் இல்லை.

4. பெயரையும் பிறப்புச் சான்றிதழையும் சரி செய்யுங்கள்

வேறு நாட்டு மாணவர்கள் எழுதிய வழிகாட்டிகள் எதிலும் இதைப் பார்க்க முடியாது. இது நம் ஊர்ப் பிரச்சினை.

பத்தாம் வகுப்புச் சான்றிதழில் க. முருகன். கல்லூரிச் சான்றிதழில் முருகன் க. பாஸ்போர்ட்டில் பெயர் என்ற இடத்தில் முருகன் கந்தசாமி, குடும்பப் பெயர் என்ற இடம் காலி. இங்கே பெயரை மட்டும் மாற்றி எழுதியிருக்கிறேன், மற்றபடி இது என் கதைதான். இன்ஷியல் என்றால் அப்பா பெயரின் முதல் எழுத்து என்பது நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. அங்கே இன்ஷியல் என்பது உங்கள் சொந்தப் பெயரின் முதல் எழுத்து. குடும்பப் பெயர் இல்லாமல் அவர்களுடைய எந்தப் படிவமும் நகராது. காலியாக இருந்தால் ஓர் அலுவலகம் முழுப் பெயரையும் குடும்பப் பெயர் இடத்தில் போடும், இன்னொன்று சிறு கோடு போடும். அப்புறம் பல்கலைக்கழகம், குடியேற்றத் துறை, வங்கி மூன்றிலும் நீங்கள் மூன்று ஆட்கள்.

அதனால் விண்ணப்பத்துக்கு முன்பே பாஸ்போர்ட்டை மறுபடி எடுத்து, பெயரையும் குடும்பப் பெயரையும் பிரித்துப் போட்டுக்கொள்ளுங்கள். 36 பக்கச் சாதாரணப் பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய்தான் கட்டணம். ஆங்கிலத் தேர்வுக்கும் அதே பெயரில், அதே எழுத்துக்கூட்டலில் பதிவு செய்யுங்கள். பழைய சான்றிதழ்களில் இருக்கும் பெயரும் இதுவும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் ஓர் உறுதிமொழிப் பத்திரம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சின்னப் பின்விளைவு உண்டு. வகுப்பில் உங்களை மிஸ்டர் கந்தசாமி என்று அப்பா பெயரால் கூப்பிடுவார்கள். திரும்பிப் பார்க்க எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

அடுத்தது பிறப்புச் சான்றிதழ். விண்ணப்பிக்கும்போது யாரும் கேட்க மாட்டார்கள், வீசாவுக்கும் பெரும்பாலும் கேட்க மாட்டார்கள். இறங்கிய பிறகு நகராட்சியில் பதியும்போது கேட்பார்கள். வெறும் சான்றிதழ் போதாது. அதன் மேல் அப்போஸ்டில் வேண்டும், அதாவது ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்காக அரசு போடும் முத்திரை. முதலில் மாநில அரசின் சரிபார்ப்பு, பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் என்று இரண்டு படி. எனக்கு மூன்று வாரம் ஆனது.

தொடங்கும் முன் சான்றிதழை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். குழந்தையின் பெயர் என்ற இடம் காலியாக இருக்கலாம். நம் வீடுகளில் பெயர் வைப்பதற்கு முன்பே பிறப்பைப் பதிந்துவிட்டு அப்படியே விட்டவர்கள் நிறைய. பெயரைச் சேர்க்க, பிறந்த ஊரின் பதிவாளரிடம் போக வேண்டும். அம்மாவின் தாய்வீட்டு ஊரில் பிறந்திருந்தால் அந்த ஊருக்குத்தான் அலைய வேண்டும். சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த படிவத்தில் புதிதாக வாங்கி, அதற்கு அப்போஸ்டில் போடுங்கள். இதையெல்லாம் ரோட்டர்டாமில் உட்கார்ந்துகொண்டு செய்ய முடியாது. செய்யப் பார்த்தேன், அதனால் சொல்கிறேன்.

5. விண்ணப்ப ஆவணங்களைத் திரட்டுங்கள்

மதிப்பெண் பட்டியல், பட்டச் சான்றிதழ் அல்லது தற்காலிகச் சான்றிதழ், ஆங்கிலத் தேர்வு முடிவு, தன்விவரக் குறிப்பு, ஏன் இந்தப் படிப்பு என்று ஒரு கடிதம், பேராசிரியர்கள் தரும் பரிந்துரை இரண்டு. சில பொறியியல் படிப்புகள் ஜி.ஆர்.இ. என்ற முதுகலை நுழைவுத் தேர்வும் கேட்கும். இவை எல்லா இடத்திலும் உள்ளவை. நேரம் தின்னும் இரண்டை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

முதலாவது பாடத்திட்ட விவரம். நீங்கள் படித்த ஒவ்வொரு பாடத்திலும் என்ன நடத்தினார்கள், எத்தனை மணி நேரம், எந்தப் புத்தகம் என்று கேட்கும் படிப்புகள் நிறைய. பெயரைப் பார்த்து அவர்கள் எடை போடுவதில்லை. இன்ஜினியரிங் மேத்தமெடிக்ஸ் மூன்று என்றால் அவர்களுக்கு என்ன புரியும்? நான் 300 பக்கப் பாடத்திட்டத்தை அப்படியே ஏற்றினேன். சுருக்கமாக வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாவது முறை ஒரே அட்டவணை போட்டேன். இடது பக்கம் அவர்கள் எதிர்பார்க்கும் அடிப்படைப் பாடம், வலது பக்கம் அதற்குச் சமமாக நான் படித்தது, மதிப்பெண், பாடத்திட்டத்தில் பக்க எண். அதோடு விஷயம் முடிந்தது.

இரண்டாவது, இறுதியாண்டில் இருப்பவர்களின் தற்காலிகச் சான்றிதழ். நிபந்தனையோடு சேர்க்கை தருவார்கள். ஆனால் அவர்கள் குறிப்பிடும் தேதிக்குள் பட்டம் முடித்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும், பெரும்பாலும் ஜூலை அல்லது ஆகஸ்டில். நம் ஊரில் முடிவு வருவதே ஜூன், ஜூலை ஆகும். சான்றிதழ் கைக்கு வர இன்னும் சில வாரம். ஏப்ரலிலேயே கல்லூரி அலுவலகத்தில் விசாரித்து, துறைத் தலைவரின் கடிதம் இடைக்காலமாகச் செல்லுமா என்று அங்கேயும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அரியர் இருந்தால் இது இரட்டிப்பு ஆபத்து.

ஆங்கிலத் தேர்வில் ஐ.இ.எல்.டி.எஸ். 6.5 என்பது ஆய்வுப் பல்கலைக்கழகங்களில் பரவலாகக் கேட்கும் அளவு. ஒவ்வொரு பகுதியிலும் தனியாகக் குறைந்தபட்சம் வைத்திருப்பார்கள், எழுதும் பகுதியில்தான் நம்மவர்கள் அரை மதிப்பெண்ணில் வழுக்குவது. அகாடமிக் பிரிவில் எழுத வேண்டும், ஜெனரல் செல்லாது. முடிவு இரண்டு ஆண்டுதான் செல்லும். கட்டணம் 18,000 ரூபாயை ஒட்டி வரும். நான் ஆங்கில வழியில் படித்தேன் என்று கல்லூரிக் கடிதம் காட்டினால் ஏற்பார்களா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பல இடங்களில் ஏற்பதில்லை.

6. ஸ்டடிலிங்கில் பதியுங்கள், ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள்

நாடு முழுவதற்கும் பொதுவான பதிவுத் தளம் ஸ்டடிலிங்க். கட்டணம் இல்லை. டிஜிடி என்ற டச்சு அடையாளக் கணக்கு கேட்கும். நமக்கு அது கிடையாது. அது இல்லாதவர்களுக்கான வழியைத் தேர்ந்தெடுத்துக் கணக்குத் தொடங்குங்கள். ஒரே சமயத்தில் நான்கு படிப்புகள் வரை பதியலாம், அவற்றில் உச்சவரம்புப் படிப்பு இரண்டுக்கு மேல் இருக்கக்கூடாது.

பதிந்ததும் வாழ்த்து மாதிரி ஒரு மின்னஞ்சல் வரும். விண்ணப்பம் போய்விட்டது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். ஸ்டடிலிங்க் வெறும் வாசல். ஓரிரு நாளில் அந்தந்தப் பல்கலைக்கழகம் தன் சொந்தத் தளத்துக்கு மாணவர் எண்ணும் கடவுச்சொல்லும் அனுப்பும். ஆவணங்களை ஏற்றுவதும் கட்டணம் கட்டுவதும் அங்கேதான். அந்த மின்னஞ்சல் ஸ்பாமில் விழும், தினமும் பாருங்கள். விண்ணப்பக் கட்டணம் பல இடங்களில் 100 யூரோ, திரும்ப வராது. அது கட்டப்படும் வரை உங்கள் கோப்பை யாரும் திறக்க மாட்டார்கள். வெளிநாட்டுப் பரிவர்த்தனை அனுமதிக்காத டெபிட் கார்டோடு கடைசி நாள் இரவு உட்காருவது எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள்.

7. பணத்தை எண்ணி, முழுசாக அனுப்புங்கள்

கணக்குக்கு ஒரு யூரோ நூறு ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஐரோப்பிய மாணவர்கள் 2025–26க்குக் கட்டிய, அரசு சட்டப்படி நிர்ணயித்த படிப்புக் கட்டணம் 2,601 யூரோ. அது நமக்கு இல்லை. அந்தத் தொகையைப் பார்த்து வீட்டில் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். நமக்கு முதுகலைக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 15,000 முதல் 25,000 யூரோ ஆகும். ஹோஹஸ்கூல் இளங்கலை என்றால் 10,000 யூரோவை ஒட்டி.

அதோடு ஓர் ஆண்டு வாழ்க்கைச் செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்ட வேண்டும். குடியேற்றத் துறையான ஐ.என்.டி. 2025க்கு வைத்த அளவு மாதம் 1,130.77 யூரோ, பன்னிரண்டு மாதத்துக்கு 13,569 யூரோ சொச்சம். பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் இதைத் தங்கள் கணக்குக்கே அனுப்பச் சொல்லும். நீங்கள் போய் வங்கிக் கணக்கு திறந்த பிறகு திருப்பித் தருவார்கள். இதற்கு மேல் தங்கும் அனுமதிக்கான கட்டணம், 2025இல் அது 243 யூரோ. ஆக, 18,000 யூரோ படிப்பு என்றால் விமானம் ஏறும் முன்பே 32 லட்சத்தை ஒட்டி வெளியே போயிருக்கும். சிலர் வங்கியின் கடன் ஒப்புதல் கடிதம் போதும் என்று நினைக்கிறார்கள். என்னிடம் கடிதம் வேண்டாம், பணம் வர வேண்டும் என்றார்கள். கடன் வாங்கும்போதே வாழ்க்கைச் செலவுத் தொகையும் முதல் தவணையிலேயே விடுவிக்கப்படுமா என்று மேலாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நான் மாட்டிய இடம் வேறு. சரியான தொகையை அனுப்பினேன். நடுவில் இருந்த ஏதோ ஒரு வங்கி இருபது யூரோ சொச்சம் எடுத்துக்கொண்டது. முழுத் தொகை வரவில்லை என்று என் வீசா வேலை ஒன்பது நாள் நின்றது. இருபது யூரோவை அனுப்ப அதைவிட அதிகமாகக் கட்டணம் கட்டினேன். பணம் அனுப்பும் படிவத்தில் எல்லாக் கட்டணமும் அனுப்புபவருக்கே என்ற தேர்வைப் போடுங்கள், போட்டார்களா என்று ரசீதிலும் பாருங்கள். குறிப்பு என்ற இடத்தில் மாணவர் எண் கட்டாயம். வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்தில் வங்கி வரி பிடிக்கும். 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை பிடித்தம் இல்லை, அங்கீகரிக்கப்பட்ட கல்விக் கடன் பணத்துக்கு அறவே இல்லை. பிடித்தாலும் வருமான வரிக் கணக்கில் திரும்பப் பெறலாம், அது வரைக்கும் அந்தப் பணம் கையில் இருக்காது, அவ்வளவுதான்.

8. வீசா

இது நினைத்ததைவிட எளிது. ஐ.என்.டி.க்கு நீங்கள் விண்ணப்பிப்பதில்லை, பல்கலைக்கழகம்தான் உங்களுக்காக விண்ணப்பிக்கிறது. எம்.வி.வி. என்ற நுழைவு வீசாவும் தங்கும் அனுமதியும் ஒரே விண்ணப்பம். பாஸ்போர்ட் நகல், குற்றப் பின்னணி பற்றிய உறுதிமொழிப் படிவம், பணம் போன ஆதாரம் மூன்றையும் கொடுத்தால் பெரும்பாலும் சில வாரத்தில் ஒப்புதல் வந்துவிடும். பிறகு தூதரகமோ அது சொல்லும் வீசா மையமோ போய்க் கைரேகை கொடுத்து ஸ்டிக்கரை வாங்க வேண்டும். ஒப்புதல் வந்த மூன்று மாதத்துக்குள் வாங்கவேண்டும், ஸ்டிக்கர் 90 நாள் செல்லும். ஆகஸ்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் வருவதால் அந்த முன்பதிவுதான் நெரிசல். ஸ்டிக்கர் கைக்கு வரும் முன் டிக்கெட் போடாதீர்கள்.

9. அறை: விண்ணப்பித்த அன்றே தேடத் தொடங்குங்கள்

இதை நான் முதல் படியாகவே போட்டிருக்க வேண்டும். நெதர்லாந்தில் மாணவர் அறைகளுக்குக் கடும் பஞ்சம். தங்க இடம் கிடைக்கவில்லை என்றால் கிளம்பி வராதீர்கள் என்று பல்கலைக்கழகங்களே வெளிப்படையாகச் சொல்லியிருக்கின்றன. பயமுறுத்தல் என்று நினைத்தேன். முதல் பத்தொன்பது நாள் ஹாஸ்டலில் எட்டுப் பேர் அறையில் மேல் கட்டிலில் கிடந்தபோதுதான் புரிந்தது.

முதல் வழி, பல்கலைக்கழகம் வெளிநாட்டு மாணவர்களுக்கு ஒதுக்கியிருக்கும் அறைகள். டூவோ, எஸ்.எஸ்.ஹெச். போன்ற மாணவர் குடியிருப்பு நிறுவனங்கள் இவற்றை நடத்துகின்றன. சேர்க்கைக் கடிதத்தோடு ஒரு இணைப்பு வரும். முந்துபவருக்கே இடம், தனிக் கட்டணமும் இருக்கும். யோசிக்காமல் கட்டுங்கள். நான் வாடகை அதிகம் என்று இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் பட்டியல் மூடியிருந்தது.

இரண்டாவது, ரூம் டாட் என்.எல். தளம். பதிவுக்கு ஒருமுறை 35 யூரோ. பதிந்த நாளில் இருந்து காத்திருப்புக் காலம் கணக்காகும், அதனால் இடம் கிடைக்குமா என்று தெரியாதபோதே பதிந்துவிடுங்கள். முதல் ஆண்டு உதவாவிட்டாலும் இரண்டாம் ஆண்டு உதவும்.

மூன்றாவது, தனியார் வீடுகள். கமர்நெட் போன்ற தளங்கள், முகநூல் குழுக்கள். பெரிய ஊர்களில் ஓர் அறைக்கு 500 முதல் 900 யூரோ, ஆம்ஸ்டர்டாமில் அதற்கு மேலும் போகும். ஏற்கெனவே அங்கே இருக்கும் மாணவர்கள் ஒரு மாலை உங்களை வரச் சொல்லி உட்காரவைத்துப் பேசுவார்கள், அதற்கு ஹாஸ்பிட்டீரன் என்று பெயர். பெண் பார்க்கும் படலம்தான், பஜ்ஜிக்குப் பதில் பீர். என்ன சமைப்பாய், எத்தனை மணிக்குத் தூங்குவாய் என்பார்கள். விளம்பரத்திலேயே வெளிநாட்டவர் வேண்டாம் என்று போடுவதும் உண்டு. மனதில் எடுத்துக்கொள்ளாமல் அடுத்ததற்கு எழுதுங்கள். நான் அறுபது பேருக்கு எழுதினேன், நான்கு பேர் பதில் போட்டார்கள்.

மோசடிக்காரர்கள் நம்மைத்தான் குறி வைக்கிறார்கள், ஏனென்றால் நாம் நேரில் போய்ப் பார்க்க முடியாது. வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார், சாவி தபாலில் வரும், முன்பணம் அனுப்பு என்றால் அது மோசடி. பாஸ்போர்ட் படம் அனுப்பினாலும் மோசடிதான், அது போன முறை ஏமாந்தவருடைய பாஸ்போர்ட். அங்கே இருக்கும் யாரையாவது நேரில் போய்ப் பார்க்கச் சொல்லாமல் ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள். சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள்: 2023 ஜூலை முதல் போட்ட ஒப்பந்தங்களில் முன்பணம் அடிப்படை வாடகையில் இரண்டு மாதத்தைத் தாண்டக்கூடாது. வீட்டுக்காரருக்காக வேலை செய்யும் தரகர் உங்களிடம் கமிஷன் கேட்கவும் கூடாது.

கடைசியாக ஒரு கேள்வி, எல்லா அறைக்கும் கேளுங்கள்: இந்த முகவரியில் நகராட்சியில் பதிய முடியுமா? முடியாது என்று சொல்லும் அறை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். ஏன் என்று அடுத்த படியில் தெரியும். அறை பல்கலைக்கழகம் இருக்கும் ஊரிலேயே வேண்டும் என்றும் அடம் பிடிக்காதீர்கள். நான் இரண்டு ரயில் நிலையம் தள்ளி எடுத்தேன், மாதம் 180 யூரோ மிச்சம். உள்ளூர் மாணவர்களுக்கு இருக்கும் இலவச ரயில் அட்டை நமக்குக் கிடையாது என்பதால் நான் சைக்கிளில்தான் போனேன். எதிர்க்காற்று இலவசம்.

10. இறங்கிய முதல் மாதம்

நான்கு மாதத்துக்கு மேல் தங்குபவர் வந்த ஐந்து நாளுக்குள் நகராட்சியில் பதிய வேண்டும். நகராட்சிக்கு அங்கே கெமேன்ட்டே என்று பெயர். ஆகஸ்டில் முன்பதிவு கிடைக்காது, ஊரில் இருந்து கிளம்பும் முன்பே போடுங்கள். பாஸ்போர்ட், வாடகை ஒப்பந்தம், அப்போஸ்டில் போட்ட பிறப்புச் சான்றிதழ் மூன்றும் மூலப்படி. அப்போதுதான் பி.எஸ்.என். என்ற குடிமக்கள் எண் கிடைக்கும். நம் ஆதார் மாதிரி, அது இல்லாமல் வங்கிக் கணக்கு, சம்பளம், காப்பீடு எதுவும் ஒழுங்காக நடக்காது. வங்கிக் கணக்கு இல்லாமல் பல்கலைக்கழகத்தில் கிடக்கும் உங்கள் 13,000 யூரோவும் வராது. முதல் ஆறு வாரத்துக்குக் கையில் தனியாக 2,000 யூரோவாவது கொண்டுபோங்கள்.

தங்கும் அனுமதி அட்டையை ஐ.என்.டி. அலுவலகத்தில் போய் வாங்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் ஜி.ஜி.டி. என்ற சுகாதார மையத்தில் காசநோய்ப் பரிசோதனை, ஒரு எக்ஸ்ரே, ஐந்து நிமிடம். இரண்டுக்கும் பல இடங்களில் பல்கலைக்கழகமே நாள் குறித்துத் தரும். அனுமதியைத் தக்கவைக்க ஒவ்வொரு ஆண்டும் அந்த ஆண்டின் மொத்தக் கிரெடிட்டில் பாதியாவது எடுத்திருக்க வேண்டும், இல்லையென்றால் பல்கலைக்கழகம் ஐ.என்.டி.க்குத் தெரிவிக்கும். அங்கே பத்துக்கு மதிப்பெண், பாஸ் ஆக ஐந்தரை அல்லது ஆறு, எட்டு வாங்கினால் பெரிய விஷயம். நம் ஊர்க் கணக்கில் பார்த்துப் பயப்படாதீர்கள்.

பகுதிநேர வேலை வாரம் 16 மணி நேரம், அல்லது ஜூன், ஜூலை, ஆகஸ்டில் முழுநேரம். இரண்டில் ஒன்றுதான். முதலாளி உங்களுக்காக வேலை அனுமதி எடுக்க வேண்டும், அதற்குச் சோம்பி எடுக்காமல் விடுபவர்கள் நிறைய. 21 வயதானவருக்கு 2025 ஜூலையில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 14.40 யூரோவாக இருந்தது. இதை நம்பிக் கட்டணம் கட்டலாம் என்று திட்டம் போடாதீர்கள், வாடகையில் ஒரு பகுதி வரும்.

காப்பீடு கடைசி. படிக்க மட்டும் வந்தவருக்கு மாணவர் காப்பீடு போதும், டச்சு அடிப்படைக் காப்பீடு தேவையில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளில் இருந்து அது கட்டாயம், மாதம் 150 யூரோவுக்கு மேல். குறைந்த வருமானம் என்பதால் அதில் பெரும்பகுதியை அரசு மானியமாகத் திரும்ப வாங்கலாம், ஆனால் நீங்கள்தான் விண்ணப்பிக்க வேண்டும். நகராட்சியில் பதிந்த சில மாதத்தில் சி.ஏ.கே. என்ற அலுவலகத்தில் இருந்து டச்சில் ஒரு கடிதம் வரும். நீங்கள் காப்பீடு எடுக்கவில்லை, மூன்று மாதத்துக்குள் எடுக்காவிட்டால் அபராதம் என்று இருக்கும். என் அறை நண்பன் அதை விளம்பரம் என்று நினைத்துக் குப்பையில் போட்டான். வேலை செய்யாதவர்கள் எஸ்.வி.பி. என்ற அலுவலகத்திடம், தேசிய நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டுக்குள் நான் வருகிறேனா (வராதவருக்கு டச்சு அடிப்படைக் காப்பீடு தேவையில்லை) என்று மதிப்பீடு கேட்டு விண்ணப்பிக்கலாம். கட்டணம் இல்லை. வரும் பதிலின் நகலை சி.ஏ.கே.க்கு அனுப்புங்கள், ஒரு படியை உங்களிடமும் வைத்துக்கொள்ளுங்கள். சி.ஏ.கே.யின் அந்தக் கடிதம் இரண்டாவது முறையும் வரும்.